நான் போட்ட எட்டும் ஷீபாவின் வேலையும்

டேனி,

முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். நின்றுகொண்டு படிக்கிற சமாச்சாரம் இல்லை இது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். புனேயில் உன் கம்பெனிப் பயிற்சி முடிந்து, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வந்து இறங்குவேன் என்கிறாய். வந்து இறங்கிய பிறகு மாப்பிள்ளைக்கு அம்மா பேச்சைக் கேட்க ஏது நேரம்? போன ஞாயிறு சபையில் மூன்றாவது கல்யாண அறிக்கையும் வாசித்தாகிவிட்டது. உன் பெயரையும் ஷீபா பெயரையும் போதகர் சேர்த்து வாசித்தபோது எனக்குப் பெஞ்சில் உட்காரவே முடியவில்லை. எழுந்து கைதட்டிவிடுவேனோ என்று பயந்து அப்பா என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். அப்படித் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருக்கிறேன். இதில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்.

கோபம் எதற்கென்றால், அன்றைக்குப் போனில் போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "ஷீபா வேலைய விட்டுடட்டும்மா. பெருங்களத்தூர்ல வீடு பாத்தாச்சு. அங்கேருந்து பெரும்பாக்கம் ரொம்ப தூரம். காலையில ஆறரைக்கெல்லாம் அவ லேப்ல இருக்கணும், அந்த நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது. அவளும் சரின்னுட்டா." எவ்வளவு சுலபமாகச் சொன்னாய்! மாவு அரைக்க மறந்துபோச்சு என்பதுபோல. அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுக்கிற பெண்ணடா அவள். மற்றவர்களைக் கண்டால் வீறிடுகிற குழந்தைகள் அவளிடம் தானாகக் கையை நீட்டுமாம், அவள் அம்மா சொன்னாள். மறுநாளே சேலையூருக்கு அவர்கள் வீட்டுக்குப் போய் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "நிஜமாவே விடணும்னு இருக்கியாம்மா?" அவள் தரையைப் பார்த்தாள். "பஸ் இல்லையே ஆன்ட்டி. அவரும் தூரம்னு சொல்றாரு. சரின்னுட்டேன்." அந்தச் 'சரி' எனக்குத் தெரியும். நானே அந்தச் சரியைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

தூரம் என்கிறாயே, எந்தத் தூரம்டா? பஸ் சுற்றுகிற தூரமா, இரண்டு இடத்துக்கும் நடுவே இருக்கிற தூரமா? இந்த இரண்டும் வேறு வேறு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். பதினொன்றாம் வகுப்பில் நீ எனக்கு வாத்தியாராக இருந்ததை மறந்துவிட்டாய்போல. எனக்கு அது ஒவ்வொரு நாளும் நேற்று நடந்ததுபோல இருக்கிறது. ஆகவே ஐயா வாத்தியாரே, உங்கள் பாடத்தை உங்களுக்கே திருப்பி நடத்துகிறேன், கவனமாகக் கேளுங்கள்.

அப்போது நாம் சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் குடியிருந்தோம். நீ பிறந்ததும் வேலையை விட்ட நான், நீ பிளஸ் ஒன் போன பிறகுதான் மறுபடி பள்ளிக்கூடத்துப் படி ஏறினேன். மாடம்பாக்கத்தில் புதிதாக ஆரம்பித்த பள்ளி, தமிழ் டீச்சர் வேலை. கரும்பலகைக்கு முன்னால் மறுபடி நின்ற அன்றைக்கு எனக்கு வயது பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் போய்ச் சேருவதுதான் பெரும் பாடு! வீட்டிலிருந்து குரோம்பேட்டை வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரத்துக்கு பஸ், இறங்கி ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கிக் கிழக்குப் பக்கம், அங்கே இன்னொரு பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, கேம்ப் ரோடு வழியாக மாடம்பாக்கம். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் தாமதம். ஒருநாள் தாளாளர் அம்மா கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த அம்மா அன்பாகப் பேசினார். "டீச்சர், உங்க தமிழ் பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா முதல் பீரியடே தமிழ். நீங்க வர்றதுக்குள்ள பாதி பீரியட் போயிடுது. கிறிஸ்மஸ் லீவு முடிஞ்சு திறக்கிறப்ப டைமுக்கு வர ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா நான் வேற ஆள்தான் பாக்கணும்." அந்த வயதில் இன்னொரு பள்ளி என்னை எங்கே எடுக்கப் போகிறது?

அன்றைக்குச் சாயங்காலம் நீயும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். இயற்பியல் பரீட்சைத் தாளை நீ சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தாய், வேர்வையில் நனைந்திருந்தது. அதில் போட்டிருந்த மார்க்கை இங்கே எழுத மாட்டேன், ஷீபா இந்தக் கடிதத்தைப் படித்தாலும் படிப்பாள். திட்ட வாயைத் திறந்தவள், என் கதையே கந்தலாகக் கிடக்கிறதே என்று மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் பொரி தின்றோம். அப்போதுதான் நீ தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் படம் வரைந்தாய். வீடு, குரோம்பேட்டை, தாம்பரம், மாடம்பாக்கம். "அம்மா, நீ சுத்திச் சுத்திப் போற இந்தக் கோடு இருக்குல்ல, இதுதான் டிஸ்டன்ஸ். கிளம்பின இடத்துலேர்ந்து போய்ச் சேர்ற இடத்துக்கு நேரா ஒரு கோடு போட்டா, அதுதான் டிஸ்ப்ளேஸ்மென்ட். எவ்வளவுங்கறதும் வேணும், எந்தத் திசைங்கறதும் வேணும்." எங்கள் தமிழ்ப் புத்தகங்களில் அதற்கு இடப்பெயர்ச்சி என்று பெயர். நீ போட்ட நேர்கோட்டைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அடப்பாவி, இவ்வளவு பக்கத்துலயா இருக்கு என் ஸ்கூலு?" "பக்கம்தாம்மா. பஸ்ஸுக்குத்தான் தூரம்."

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "ஜி.எஸ்.டி. ரோட்டுல பஸ் எப்படிப் பறக்குது தெரியுமா?" என்றேன். "பறக்குது, ஆனா எந்தப் பக்கம் பறக்குது? உன் ஸ்கூல் ஒரு பக்கம் இருக்கு, அது இன்னொரு பக்கம் கூட்டிட்டுப் போகுது" என்றாய். வேகம் என்றால் எவ்வளவு விரைவு என்பது மட்டும். வெலாசிட்டி, அதாவது திசைவேகம் என்றால் எந்தத் திசையில் அவ்வளவு விரைவு என்பதும் சேர்ந்தது. நான் போகிற மொத்தப் பாதையையும் நேரத்தால் வகுத்தால் என் சராசரி வேகம்; அந்த நேர்கோட்டை மட்டும் அதே நேரத்தால் வகுத்தால் என் சராசரித் திசைவேகம். நீ வகுத்துக் காட்டினாய். காலையில் நடைப்பயிற்சி போகிற பெரியவர்களின் நடைகூட இல்லை அது! அவ்வளவு பறந்த பஸ்ஸில் போய் நான் நத்தையாக ஊர்ந்திருக்கிறேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த நேர்கோட்டை ஒட்டி ஒரு சாலையும் இருந்தது: செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு, மாடம்பாக்கம். அந்த நேரத்தில் அந்த வழியாக ஒரே பஸ்ஸில் போக முடியாது, அவ்வளவுதான். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் போதும்.

வண்டி கிடைத்தது. குரோம்பேட்டையில் தெரிந்தவர் வீட்டு வாசலில் சும்மா நின்ற கியர் இல்லாத ஸ்கூட்டர். ஆனால் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும் வண்டி பள்ளி வாசலுக்குள் நுழையக் கூடாது என்பது தாளாளர் அம்மாவின் சட்டம். லைசென்ஸ் வேண்டுமானால் ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலைக் கீழே ஊன்றாமல் எட்டுப் போட வேண்டும். அப்பாவுக்கு ஒரே கிண்டல். "இந்த வயசுல நீ எட்டு போடப் போறியா? நேத்து போட்ட ஆம்லெட்டே வட்டமா வரல." நாளைக்கு ஆம்லெட்டே கிடையாது என்றேன்.

ஏரிக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்ட காலி இடம் ஞாபகம் இருக்கிறதா? வீடே இல்லாமல் வெறும் கல் நட்டிருக்கும். அங்கே நம் வீட்டுத் தண்ணீர்க் குடங்கள் இரண்டைக் கவிழ்த்து வைத்தாய், ஒன்று நீலம், ஒன்று பச்சை. அவற்றைச் சுற்றித்தான் என் எட்டு. நீயோ அதுவரை வண்டியே ஓட்டியது கிடையாது, ஆனால் வாத்தியார் மட்டும்! கூடவே ஓடிவந்துகொண்டு ஒரே கத்தல். "திருகாதம்மா! மெதுவா, மெதுவா திருகு!" நான் கைப்பிடியை ஒரே திருகாகத் திருகினேன். வண்டி தாவியது, நான் அலறினேன், நீலக் குடம் உருண்டு போய் முள்ளுச் செடியில் விழுந்தது. "இதாம்மா ஆக்சிலரேஷன்" என்றாய் மூச்சு வாங்க. "வேகமாப் போறதுதானே?" "இல்லம்மா. வேகமாப் போறது இல்ல, வெலாசிட்டி மாறுறது. எவ்வளவு சட்டுனு மாறுதோ அவ்வளவு ஆக்சிலரேஷன். பிரேக் போட்டாலும் அதுதான், வளைஞ்சு திரும்பினாலும் அதுதான்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆக்சிலரேஷன் என்றால் தமிழில் முடுக்கம்; பிரேக் போடுவது எப்படியடா முடுக்கமாகும்? நிறுத்துவதும் முடுக்குவதும் ஒன்றா? உனக்கும் புத்தகத்து வரியைத் திருப்பிச் சொல்லத்தான் தெரிந்தது, விளக்கத் தெரியவில்லை. அன்று சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கம்பியைப் பிடிக்கவில்லை. பஸ் கிளம்பியது, பின்னால் சாய்ந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் நேராக, ஒரே வேகத்தில் பறந்தது, அப்போது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல நின்றேன். சானடோரியம் பக்கம் பிரேக் போட்டான், முன்னால் போய் ஒரு அம்மாளின் காய்கறிக் கூடைமேல் விழுந்தேன். தாம்பரத்தில் நிலையத்துக்குள் வளைத்தான், பக்கவாட்டில் போனேன். கண்டக்டர் கத்தினார். "யம்மா, கம்பிய புடிச்சுக்கோம்மா! இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற? வுயுந்தா யார் பதில் சொல்றது?" எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கம்பியைப் பிடிக்க வேண்டிய நேரமெல்லாம் முடுக்கம்! வேகம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் அது மாறாமல் நேராகப் போனால் முடுக்கம் பூஜ்யம். கூடினாலும், குறைந்தாலும், வளைந்தாலும் முடுக்கம். எனக்குக் கண்டக்டரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். "எங்க சார் இப்படிச் சொல்லவே இல்லையேம்மா" என்றாய். அன்றைக்கு ராத்திரி முதல் தடவையாக அந்தப் பாடத்தை நீ கடம் அடிக்காமல் படித்தாய்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு முதல் தடவை பரீட்சைக்குப் போனேன். தோற்றேன். ஏன் தெரியுமா? நாம் பழகிய இடத்தில் ஒரு முனையில் எப்போதும் தண்ணீர் லாரி நிற்கும், அதனால் நான் எப்போதும் மறுமுனையிலிருந்துதான் கிளம்புவேன். முதலில் இடது சாய்வு, நீலக் குடம். அப்புறம் வலது சாய்வு, பச்சைக் குடம். அதைச் செய்யுள் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். மைதானத்தில் மாணவர்களோடு வந்திருந்த டிரைவிங் ஸ்கூல்காரர்கூடத் தைரியம் சொன்னார். "யக்கா, கால மட்டும் கீழ வெச்சுடாத. ஸ்லோவா வுட்டுகினே போ, அவ்ளோதான் மேட்டரு." ஆனால் ஆய்வாளர் எதிர் முனையைக் கையால் காட்டி, "அங்கேருந்து ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடது என்று பழகிய இடத்தில் வலது, வலது என்று பழகிய இடத்தில் இடது. முதல் வளைவிலேயே தப்பான பக்கம் சாய்ந்தேன், காலை ஊன்றிவிட்டேன். "அடுத்தவங்க வாங்க" என்றார் அவர். வீட்டுக்கு வந்து மைதானம் மேடு பள்ளம் என்று புலம்பினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அப்பா. சிரிக்க வரவில்லை எனக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அதைப் பார்த்ததும் அவர் எழுந்து போய்த் தானே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். மறு பரீட்சைக்குப் போகச் சில நாள் காத்திருக்க வேண்டும். பள்ளி திறக்கும் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சாயங்காலம் நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். குச்சியால் மண்ணில் ஒரு பெரிய எட்டு வரைந்து, அதன்மேல் அம்பு அம்பாகப் போட்டாய். "அம்மா, எட்டு அதே எட்டு. நீ போற வேகமும் அதேதான். ஆனா பாரு, இந்தப் பக்கத்துலேர்ந்து போனா அம்பு இப்படி. அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா அதே இடத்துல அம்பு அப்படியே எதிரா திரும்பிடுது. ஸ்பீடு மாறல, வெலாசிட்டி மொத்தமும் தலைகீழ். அதான் நீ குழம்பிட்ட." சரி, நியாயம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே, கேட்டேன். "அப்போ முடுக்கமும் தலைகீழாத் திரும்பிடுமா?"

நீ வாயைத் திறந்தாய். "தெரியலம்மா" என்றாய். அப்புறம் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தாய். நீலக் குடத்தைச் சுற்றி வரும்போது ஓர் இடத்தில் ஓர் அம்பு, கொஞ்சம் தள்ளி அடுத்த அம்பு. முதல் அம்பு இரண்டாவது அம்பாக மாற வேண்டுமானால் எந்தப் பக்கம் ஒரு தள்ளு வேண்டும்? வரைந்து பார்த்தாய். தள்ளு குடத்தைப் பார்த்து விழுந்தது. பிறகு எல்லாவற்றையும் எதிர்த்திசையில் வரைந்தாய், தள்ளு எந்தப் பக்கம் விழுகிறது என்று மறுபடி பார்த்தாய். திடீரென்று குச்சியைத் தூக்கி வீசிவிட்டுக் குதித்தாய். "அம்மா! ரெண்டு தடவையும் குடத்துப் பக்கம்தாம்மா போகுது! வெலாசிட்டி திரும்பிடுச்சு, ஆக்சிலரேஷன் திரும்பல!" எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், நீலக் குடத்தைச் சுற்றுகிறவரை முடுக்கம் நீலக் குடத்தைப் பார்த்துத்தான், பச்சையைச் சுற்றுகிறவரை பச்சையைப் பார்த்துத்தான். அப்படியானால் எனக்கு இடது எதற்கு, வலது எதற்கு? எந்தக் குடத்தைச் சுற்றுகிறேனோ அந்தக் குடத்தின் பக்கம் சாய்ந்தால் போதாதா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினேன். லாரிக்காரரிடம் கெஞ்சிக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லி, அந்த முனையிலிருந்தும் போட்டேன். இந்த முனையிலிருந்தும் போட்டேன். கால் தரையைத் தொடவே இல்லை. இருட்டும்வரை போட்டேன். லாரிக்காரர் கைதட்டினார். நீ விசில் அடித்தாய். டீச்சர் பிள்ளை விசில் அடிக்கக் கூடாது என்று அன்றைக்கு நான் சொல்லவே இல்லை.

மறு பரீட்சை நடந்த அதே காலையில் உனக்கு அரையாண்டு இயற்பியல் தேர்வு. அதனால் நான் தனியாகத்தான் போனேன். ஆய்வாளர் என்னை உற்றுப் பார்த்தார். "போன தடவை கால் ஊனினவங்கதானே?" ஆமாம் சார் என்றேன். போடச் சொன்னார், போட்டேன். நிறுத்தப் போனவளை, "நிறுத்தாதீங்க, அந்தப் பக்கத்துலேர்ந்து இன்னொண்ணு போடுங்க" என்றார். அதையும் போட்டேன். குடத்துக்குப் பதிலாக அங்கே வைத்திருந்த இரும்பு டிரம்மைச் சுற்றும்போது டிரம்மின் பக்கம் சாய்ந்தேன், வேறு எதையுமே நினைக்கவில்லை. "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். "என் பையன்கிட்ட சார்." "டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்காரா?" "இல்ல சார், இப்ப பிசிக்ஸ் பரீட்சை எழுதிட்டு இருக்கான்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் நீ சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியாது. மாறாத வேகத்தில் போகும் ஒரு பொருளுக்கு முடுக்கம் இருக்க முடியுமா, உதாரணம் தருக என்று கேட்டிருந்தார்களாம். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. நீ எழுதியது: 'என் அம்மா எட்டுப் போடும்போது.' தாள் திருத்தி வந்தபோது உங்கள் சார் பாதி மார்க் குறைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, லைசென்ஸ் கையில் வந்ததும் நேராக உன் பள்ளிக்கு வண்டியை விட்டுச் சண்டை போடலாம் என்றிருந்தேன். நீதான் காலில் விழாத குறையாகத் தடுத்தாய்.

பள்ளி திறந்த அன்று செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் வழியாக என் வண்டியில் போனேன். வாசல் கேட் இன்னும் திறக்கவில்லை. காவலாளி ஓடிவந்தார். "இன்னா டீச்சர், இம்மாம் சீக்கிரம்?" வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் கேட் முன்னால் நின்றேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயில் சிரிப்பு. அன்றைக்கு முதல் பீரியட் முழுசும் என்னுடையதாக இருந்தது. இன்றுவரை அது என்னுடையதுதான். அந்த வேலை போயிருந்தால் நான் வீட்டில் நல்ல அம்மாவாகத்தான் இருந்திருப்பேன், சந்தேகமில்லை. ஆனால் இந்த ஆளாக இருந்திருக்க மாட்டேன் டேனி.

கல்யாணப் பையனுக்குப் புத்திமதி சொல்லாமல் எந்த அம்மாவால் இருக்க முடியும்? ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ எனக்கு எத்தனையோ விளக்கினாய், அதில் எனக்கு மிகவும் பிடித்தது நீ "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு மண்ணில் மண்டியிட்ட நேரம்தான். உன் வீட்டிலும் அப்படியே இரு. ஷீபாவுக்கு எது தூரம், எது பக்கம் என்று எல்லாம் தெரிந்தவனாக நீ முடிவு செய்யாதே. அவளிடம் கேள். சரி என்று அவள் சொன்னால், எந்தச் சரி என்று இன்னொரு தடவை கேள். அதற்காக நீ தேய்ந்துபோக மாட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலியை விட்டு எழுந்துவிடாதே. அன்றைக்கு ஷீபாவிடம் பேசினேன் என்றேனே, அது நீ போனில் சொன்னதற்கு மறுநாள். அதற்கு அடுத்த நாள் நான் பள்ளி விட்டதும் சேலையூர் வழியாக வந்து அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். அவளிடம் ஏற்கெனவே எல்.எல்.ஆர். இருந்தது, வண்டி பழகுவதற்கான அனுமதி; மூன்று மாதம் முன்னால் கல்லூரித் தோழிகளோடு சேர்ந்து எடுத்தாளாம், அப்புறம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அப்படியே கிடந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நானும் அவளும்தான். சபையில் இரண்டு பேர் வாய்விட்டே கேட்டுவிட்டார்கள், நிச்சயம் ஆன பொண்ணு மாமியாரோட வண்டியில சுத்தலாமா என்று. மாமியாரோடு சுற்றாமல் யாரோடு சுற்றுவதாம் என்றேன். முதல் நாள் நான் கத்தின கத்தலுக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது, "திருகாதே, திருகாதே" என்று உன்னைவிடச் சத்தமாகக் கத்தினேன். அவள் இறங்கி நின்று, "அத்தை, நீங்க பயப்படாம இருங்க, நான் ஓட்டறேன்" என்றாள். என்னை முதல் தடவையாக அத்தை என்று கூப்பிட்டது அப்போதுதான்.

நேற்றுக் காலை அவள் எட்டுப் போட்டாள். கால் தரையில் படவில்லை. லேபில் போய்த் தான் வேலையை விடப் போவதில்லை, கல்யாண லீவு முடிந்ததும் வழக்கம்போல வருவேன் என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம், மேடவாக்கம் வழியாகப் பெரும்பாக்கம், விடிகாலையில் சாலை காலியாகத்தான் இருக்கும். நானும் அவளும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம், அவளுக்கென்று ஒரு வண்டியும் சொல்லிவைத்தாயிற்று. போகிற வழியில் உன்னை உன் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் இறக்கிவிடுகிறேன் என்கிறாள். இதையெல்லாம் உன்னிடம் நான் சொல்லும்வரை அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று நான்தான் கட்டளை போட்டிருந்தேன், அதற்காக அவள்மேல் கோபப்படாதே. கோபம் வந்தால் என்மேல் படு, எனக்குப் பழக்கம்தான்.

புனேயிலிருந்து வரும்போது இனிப்பு, சால்வை என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. ஒரு ஹெல்மெட் வாங்கி வா. ஷீபாவிடம் இருக்கிறது. உனக்கு.

அம்மா